காலண்டரில் இல்லாத நாள்

அத்தியாயம் 11

பஞ்சம்மாள் போனை வைத்த பிறகு சொர்ணலட்சுமி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஆக்கிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டார்கள். அந்த இடத்தில்தான் இவர்களை விட்டிருந்தோம். இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களுக்காக நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சொர்ணத்துக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பக்கம் வைக்கிற வேலை. விருதுநகர் மணிமுத்துவுடன் நிச்சயம் முடிந்த பிறகு கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. முதலில் மணிமுத்துவின் அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அடுத்து, பையனுக்குக் குரு பலம் வரட்டும் என்றார்கள். அதுவும் வந்தது. தை மாதக் கடைசியில், வளர்பிறையில், ஒரு நாளைக் குறித்து மண்டபம் பிடித்தார்கள். இப்போது மாப்பிள்ளையின் அம்மா பஞ்சம்மாள் புதுக் காலண்டரைச் சுவரில் மாட்டி, ஆசை ஆசையாகத் தை மாதத் தாள்களைப் புரட்டியிருக்கிறாள். அந்தத் தேதியில் சுப முகூர்த்தம் என்று போட்டிருக்கவில்லை.

"காலண்டர்ல இல்லாத நாள்ல எம் மகன் தாலி கட்ட மாட்டான்" என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் காலண்டரை அடித்தது சொர்ணத்தின் கம்பெனி. பிரியமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் சொர்ணம்தான். இந்த எரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

மற்ற ஊர்க்காரர்கள் அடுத்த வருஷத்து முகூர்த்த நாட்களை மார்கழியில் பார்ப்பார்கள். சிவகாசியில் காலண்டர் கம்பெனிக்காரர்கள் ஆனியிலேயே பார்த்துவிடுவார்கள். முதல் புரூஃப் கைக்கு வந்ததும் தெருவே சொர்ணத்தைத் தேடி வரும். "தையில எந்த நாளு தோதா இருக்கு, பாத்துச் சொல்லுத்தா" என்று கேட்டுக்கொண்டு போய், போட்டி வருமுன் மண்டபம் பிடித்துவிடுவார்கள். இப்படி ஊருக்கெல்லாம் நாள் எடுத்துக் கொடுத்தவள் தன் கல்யாணத்துக்கும் முதல் புரூஃபைப் பார்த்துத்தான் மண்டபம் பிடித்தாள். அடுத்த புரூஃபில் கம்பெனி ஜோசியர் அந்த நாளைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் "கிராந்தி சாம்யம்" என்று எழுதி அனுப்பியிருந்தார். சொர்ணம் அன்றைக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். பக்கத்து சீட் நசிமா திருத்தத்தைப் போட்டுப் பக்கத்தை மெஷினுக்கு அனுப்பிவிட்டாள். காலண்டர்கள் லோடு லோடாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன.

பஞ்சம்மாள் போன் செய்ததற்கு அடுத்த நாள் முழுக்க வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அதற்கு மறுநாள் காலையில்தான் சொர்ணத்தின் அப்பா சின்னச்சாமி வாயைத் திறந்தார்.

சின்னச்சாமி பட்டாசு ஆலையில் போர்மேன். ஆலை வேன் ஆரன் அடிக்கிற நேரம். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டே, "விட்டுருவோம்த்தா. வைகாசியில பாத்துக்கிருவோம்" என்றார்.

"வைகாசியில சீசன் வேலை. உங்களுக்கே லீவு தர மாட்டாக" என்றாள் சொர்ணம்.

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற? மாப்பிள்ளை வீட்டுக்காரக வேண்டாம்ங்கிறாக."

"மாப்பிள்ளை வேண்டாம்ங்கலை. அவுக அம்மா வேண்டாம்ங்கிறாக."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அப்பாவிடம் பேசினால் இப்படித்தான். ஆலையில் ஒரு தப்புப் பொறி விழுந்தால் ஓடி வெளியே வந்துவிட வேண்டும் என்று பழகியவர், வீட்டிலும் ஒரு சிக்கல் என்றால் முதலில் வாசலைத்தான் பார்ப்பார். வேன் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மூன்றாவது தடவையும் கல்யாணம் தள்ளிப்போனால் ஊர் என்ன பேசும் என்று சொர்ணத்துக்குத் தெரியும். பெண்ணிடம்தான் ஏதோ இருக்கிறது என்று பேசும். இப்போதே இரண்டு பேர் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"நான் ஜோசியரைப் பாத்துக் கேக்கப் போறேன்" என்றாள். "நாளை அடிச்சவர் அவர்தானே. ஏன் அடிச்சாருன்னு அவரே சொல்லட்டும்."

கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்த தம்பி அன்பரசன் திரும்பினான். அவனும் அதே கம்பெனியில் பிரிண்டிங் மெஷின் ஓட்டுகிறவன். அக்காவின் கல்யாணம் முடிந்தால்தான் அவன் விரும்புகிற பாண்டிச்செல்வியின் பேச்சை வீட்டில் எடுக்க முடியும். ஆகவே அவனுக்கும் அவசரம்.

"எதுக்குக்கா அவர்கிட்டப் போயி நிக்கிற? விருதுநகர் அத்தைக்குக் காலண்டர்ல இருந்தாப் போதும். அம்புட்டுதானே?"

"அம்புட்டுதானேன்னா? அடிச்சு லோடே போயிருச்சுல."

"போனாப் போகட்டும். எல்லாம் சரியாப் போகும், விடு" என்று சொல்லி பைக்கை எடுத்துக்கொண்டு போனான். முகத்தில் ஒரு களை இருந்தது. சொர்ணத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காலையில் அவளுக்கு எதுதான் பிடித்தது?

அம்மா வேலுத்தாயைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் பஸ்ஸில் ஏறினாள்.

கம்பெனிக்கு முகூர்த்த நாள் எழுதிக் கொடுக்கிற ஜோசியர் சுந்தரமகாலிங்கம் சட்டை போடாமல், மேலுக்கு ஒரு துண்டோடு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். பேர் பெற்ற ஜோசியர்தான். ஆனால் வந்தவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று கேட்ட மாத்திரத்தில் அவர் முகமும் கடுகடுவென்று ஆகிவிட்டது.

"உங்களையும் சேத்து இந்த மாசம் எத்தனை பேருக்குத்தான் நான் பதில் சொல்றது? முதல் புரூஃபைப் பாத்து யாரு உங்களை மண்டபம் பிடிக்கச் சொன்னா? புரூஃபுன்னா என்ன அர்த்தம்? தப்பு இருந்தா திருத்துறதுக்குத்தானே அது?"

தன் வேலையையே தனக்கு ஒருத்தர் சொல்லிக் கொடுக்கிறாரே என்று சொர்ணத்துக்குக் காது சூடாயிற்று.

"சரிங்க. என்ன தப்பு அந்த நாள்ல? அதையாவது சொல்லுங்க" என்றாள்.

அவர் கொஞ்சம் தணிந்தார். தரையில் டைல்ஸ் இணைகிற கோட்டைக் காட்டினார்.

"இது வானத்துக்கு நடுக்கோடுன்னு வச்சுக்கங்க. சூரியன் வருசம் பூராவும் இந்தக் கோட்டுலயே போறதில்லை. ஆறு மாசம் கோட்டுக்கு வடக்கே, ஆறு மாசம் தெற்கே. சந்திரன் ஒரே மாசத்துல வடக்கயும் போயிட்டுத் தெற்கயும் போயிட்டு வந்துருவான். கோட்டுல இருந்து எம்புட்டுத் தூரம் தள்ளி நிக்கிறாகளோ, அதுக்குப் பேருதான் கிராந்தி. ராசியில எங்க இருக்குன்னுதான் எல்லாரும் பாப்பாக. இதை யாரும் பாக்கிறதில்லை. கிரகத்தோட பலத்துல பாதி இதுலதான் இருக்கு."

எதிரே காப்பி குடித்து வைத்திருந்த இரண்டு டம்ளர்களை எடுத்து, ஒன்றைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வைத்தார்.

"தை மாசம் சூரியன் தெற்கே நிக்கிறான். நீங்க குறிச்ச நாள்ல சந்திரன் வடக்கே. ரெண்டு பேரும் கோட்டுல இருந்து ஒரே தூரம். சரிசமம். அதுதான் கிராந்தி சாம்யம். கல்யாணத்துக்கு ஆகாது."

வேலுத்தாய் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிசமமா நின்னா நல்லதுதானே சாமி? அதுல என்ன தோசம்?"

"அந்த நேரத்துல ரெண்டு பேரோட கிரணமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்குது. கலக்குற எடத்துல ஒரு அக்கினி பிறக்குதுன்னு சாஸ்திரம் சொல்லுது. அது நல்ல காரியத்தை எரிச்சுப்புடும்."

"ஓ, மருந்து கலக்குற மாதிரியா?" என்றாள் வேலுத்தாய் சட்டென்று. பட்டாசு ஆலையில் திரி சுற்றிக் கை காய்த்தவள் அவள். "தனித்தனியா இருந்தா ஒண்ணும் செய்யாது. கலக்கையிலதான் பயம். அதான் மருந்து ரூம்ல வெயில் ஏறுறதுக்கு முன்னே வேலையை முடிச்சிட்டு வந்துருவாக."

ஜோசியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாம்மா. ஏறக்குறைய அப்படித்தான்."

சொர்ணம் நிமிர்ந்தாள். "அப்படின்னா இதுக்கும் நேரம் உண்டா? நாள் பூராவும் இல்லையா?"

"நாள் பூராவும் எப்படி இருக்கும்? சந்திரன் நிக்காம ஓடுறவன். சில மணி நேரம்தான்."

"அன்னைக்கு எப்ப ஆரம்பிக்குது?"

கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "உச்சிக்கு மேல. சாயங்காலம் வரைக்கும்."

"எங்களுக்கு முகூர்த்தம் காலையில. இட்லி ஆறுறதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிரும்."

"அப்ப தாராளமாக் கட்டலாம். ஒரு தோசமும் இல்லை."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சொர்ணத்துக்கு ஆத்திரத்தில் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"தாராளமாக் கட்டலாம்னா எதுக்குங்க அந்த நாளை அடிச்சீக? எங்க வீட்ல நேத்தெல்லாம் எழவு விழுந்த மாதிரி இருந்துச்சு தெரியுமா?"

"நீதானம்மா பக்கம் வைக்கிறவ, நீயே சொல்லு. அந்தச் சின்னத் தாள்ல ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் எல்லாம் போட்டாச்சு. 'உச்சி வரைக்கும் முகூர்த்தம், பெறகு இல்லை'ன்னு போட எங்க எடம்? போன வருசம் இதே மாதிரி ஒரு நாளை விட்டுவச்சேன். யூடியூப்ல ஒருத்தன் உக்காந்துக்கிட்டு என்னைக் கிழி கிழின்னு கிழிச்சான். எதுக்கு வம்புன்னு இந்தத் தடவை நாளையே எடுத்துட்டேன்."

இதைக் கேட்டு அழுவதா, சிரிப்பதா? 'இன்னொரு வரிக்கு இடமில்லை' என்று வருஷா வருஷம் கம்பெனியில் சண்டை போடுகிறவளே சொர்ணம்தான். யூடியூபில் யாரோ ஒருத்தன் ஏசியதற்கு அவள் கல்யாணம் நின்றிருக்கிறது.

ஆனால் மனுஷர் நல்லவர். கேட்டதும் சொர்ணத்தின் போனில் தன் குரலிலேயே பேசிப் பதிந்து கொடுத்தார். "விருதுநகர் பஞ்சம்மாள் அவர்களுக்கு. நான் சுந்தரமகாலிங்கம் பேசுறேன். காலண்டருக்கு நாள் எழுதிக் கொடுத்தவன் நான்தான். அந்த நாள்ல கிராந்தி தோசம் உச்சிக்கு மேலதான் வருது. காலை முகூர்த்தம் சுத்தமான முகூர்த்தம். பயப்பட வேண்டாம்."

வெளியே வந்ததும் வேலுத்தாய் தெருவென்றும் பார்க்காமல் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். "மாரியாத்தா கண்ணைத் திறந்துட்டா. வா, இப்பவே போயி மதினி காதுல போட்டுருவோம்" என்றாள். சொர்ணமும் இரண்டு நாளைக்குப் பிறகு கொஞ்சம் மூச்சுவிட்டாள். பூக்கடையில் ஒரு முழம் மல்லிகைகூட வாங்கினார்கள்.

பஞ்சம்மாள் வீட்டுத் தெரு முனையில் போன் வந்தது. நசிமா.

"சொர்ணம், உன் தம்பி கேட்டான்னு முதல் புரூஃப் பக்கத்தை நேத்து சாயங்காலம் எடுத்துக் கொடுத்தேன். நீதான் கேட்டன்னு சொன்னான். இன்னைக்குச் சூப்பர்வைசர் கேக்குறாரு, ஒத்தைத் தாள் எதுக்கு மெஷின்ல ஓடுச்சுன்னு. என்னத்துக்குடி அது?"

முதல் புரூஃப் பக்கத்தில் அந்தத் தேதிக்குச் சுப முகூர்த்தம் உண்டு. எல்லாம் சரியாப் போகும், விடு என்று காலையில் தம்பி சொன்னது சொர்ணத்துக்கு ஞாபகம் வந்தது.

அன்பரசனைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கட் பண்ணிவிட்டான். மெஷின் ஓடுகிற நேரத்தில் போனை எடுக்கக் கூடாது என்று கம்பெனியில் சட்டம். சட்டத்தை மதிக்க அவனுக்கு இன்றைக்குத்தான் நேரம் கிடைத்ததா?

"அம்மா, இன்னைக்கு வேண்டாம். இப்படியே திரும்பிருவோம்" என்றாள்.

"கூறுகெட்டவளே, வாசலுக்கு வந்துட்டு எங்க திரும்புறது?" என்றாள் வேலுத்தாய். அதற்குள் பஞ்சம்மாளே வெளியே வந்து பார்த்துவிட்டாள்.

"வாங்க மதினி. வா சொர்ணம். வெயில்ல ஏன் நிக்கிறீக?"

குரலில் பழைய உற்சாகம் இல்லை. மரியாதைக்குக் குறைவும் இல்லை. மணிமுத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். மிளகாய் கமிஷன் கடையில் வேலை. அவன் வந்து நின்றாலே லேசாகத் தும்மல் வரும். சொர்ணத்தைப் பார்த்ததும் ஒரு பார்வை பார்த்தான். ஏதோ சொல்ல நினைக்கிறவன்போல இருந்தது. பிறகு தட்டைக் கழுவக் கொண்டுபோனான்.

சொர்ணத்தின் கண் சுவருக்குப் போயிற்று. அட்டையில் அதே கஜலட்சுமி. அவள் கொடுத்ததா, வேறா? பார்த்தால் தெரியாது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே அட்டை. புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். இத்தனை பேர் முன்னால் எழுந்து போய் எப்படிப் புரட்டுவது?

வேலுத்தாய் தாமதிக்கவில்லை. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, "நீங்களே கேளுங்க" என்று மகளின் போனைப் பறித்து நீட்டினாள். ஜோசியரின் குரல் அந்த வீட்டுக் கூடத்தில் பேசியது. பஞ்சம்மாள் மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதிக் கொடுத்தவுகளே சொல்லிட்டாக. பெறகென்ன?" என்றாள்.

"மதினி!"

"என்னைத் தப்பா நெனைக்காதீக. எனக்கு உங்க மேல ஒரு கோவமும் கெடையாது. எனக்குக் காலண்டர்ல இல்லாத நாள்லதான் கல்யாணம் ஆச்சு. எங்க வீட்டுக்காரவுகளுக்கு லாரி லோடு வடக்க போகணும், ஒரு மாசம் ஆகும் திரும்பன்னு, ஏதோ ஒரு நாள்ல கட்டிவச்சாக. எங்க அம்மா அன்னைக்கே அழுதா. அவுக இருந்த வரைக்கும் நான் அதை நெனைச்சதில்லை. போன பெறகு ராத்திரி பகலா அதே நெனைப்பு. நம்ம பிள்ளைகளுக்கு அப்படி ஒரு குறை வரக் கூடாதுல்ல? அதான் பயந்துட்டேன்."

இத்தனை நாள் சொர்ணம் இந்த அத்தையை மனதுக்குள் எத்தனை திட்டியிருப்பாள்! பிடிவாதம் என்று நினைத்தாளே, பயம் என்று ஒரு தடவையாவது நினைத்தாளா?

"இருங்க" என்று பஞ்சம்மாள் எழுந்தாள். "நல்ல சேதி வந்துருக்கு. அந்தத் தாள்ல மஞ்சள் வச்சிருவோம். எங்க வீட்ல கல்யாண நாளைக் குறிச்சதும் வைக்கிறது வழக்கம். நாந்தேன் வைக்காம இருந்துட்டேன்."

"அத்தை, அதை நான் எடுக்கேன்" என்று சொர்ணம் பாய்ந்து எழுந்தாள்.

"நீ உக்காரு. வீட்டுக்கு வரப்போற மகராசி, உன்னை ஏன் வேலை வாங்கணும்?"

பஞ்சம்மாள் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். குழைத்த மஞ்சளில் விரலைத் தோய்த்தாள். இடது கையால் தாள்களைப் புரட்டினாள். மார்கழி போயிற்று, தை வந்தது. அந்தத் தேதியில் விரலை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

அந்தத் தாளில் சிவப்பு எழுத்தில் பளிச்சென்று சுப முகூர்த்த நாள் என்று இருந்தது.

"இது நேத்து இல்லையே" என்றாள்.

வேலுத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "இருந்துருக்கும் மதினி, அவசரத்துல பாத்துருக்க மாட்டீக" என்று பாவம், உதவி செய்யப் பார்த்தாள்.

"நானா பாக்கலை? படம் பிடிச்சு அருப்புக்கோட்டைக்கு என் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கேன்." பஞ்சம்மாள் தன் போனைத் தேடி எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். படத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் இல்லை. ஒன்றில் இருந்தது. மஞ்சள் விரலிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

பிறகு மெதுவாக நிமிர்ந்து சொர்ணத்தைப் பார்த்தாள்.

"உங்க கம்பெனியில இதையும் அடிப்பீகளா?"

"அத்தை, சத்தியமா எனக்கு..."

"அப்ப இவ்வளவு நேரம் ஜோசியர்னு ஒருத்தர் பேசுனாரே. அவரும் உங்க கம்பெனிதானா?"

சொர்ணம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உண்மை அவள் கையில்தான் இருந்தது. ஜோசியர் வீடு நாலு தெரு தள்ளி. இப்போதே கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். ஆனால் இனிமேல் எதைக் காட்டினாலும் பஞ்சம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தேவையே இல்லாத ஒரு பொய், அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு நிஜத்தைக் கெடுத்துவிட்டது. அன்பு மட்டும் அந்த நேரத்தில் எதிரே இருந்திருந்தால் கன்னம் பழுத்திருக்கும்.

"எங்க வீட்ல இருந்துதான் வந்துருக்கு. எனக்குத் தெரிஞ்சு வரலை. ஆனாலும் எங்க வீடுதான்" என்றாள்.

"உன் தம்பியா?"

சொர்ணம் தலையாட்டினாள். வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் கொல்லைப் பக்கமிருந்து மணிமுத்து வந்து நின்றான். கையில் கழுவிய தட்டு. தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்பை ஏசாதீக. நாந்தேன் கேட்டேன்" என்றான்.

பஞ்சம்மாள் திரும்பவே இல்லை.

"காலையில அன்பு கடைக்குக் கொண்டாந்து கொடுத்தான். நாந்தேன் வந்து மாட்டுனேன். நீ குளிச்சுக்கிட்டு இருந்த. பழசை எடுத்துக் கடையில வச்சிருக்கேன். உங்கிட்டப் பேசி ஜெயிக்க முடியலைம்மா. எம்புட்டுப் பேசுனேன் நேத்து! நீ கேக்கவே இல்லை. இவளை இன்னும் எத்தனை தடவை காக்க வைக்கிறது?"

இரண்டு வருஷமாகச் சொர்ணம் இந்த மனிதன் தனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டானா என்று ஏங்கியிருந்தாள். இன்றைக்குப் பேசினான். பேசிய நேரத்தைப் பாருங்கள்! ஒரு பக்கம் நெஞ்சு குளிர்ந்தது. ஒரு பக்கம் அந்தத் தட்டைப் பிடுங்கி அவன் தலையிலேயே போடலாம் போலிருந்தது. ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன?

பஞ்சம்மாள் காலண்டரை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். சத்தம் போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். போடவில்லை.

"தேதியை மாத்த வேண்டாம் மதினி" என்றாள் வேலுத்தாயைப் பார்த்து. "நீங்க பிடிச்ச மண்டபம், நீங்க சொன்ன நாள். அப்படியே நடக்கட்டும். சனத்தைக் கூப்பிடுங்க. பந்தலைப் போடுங்க."

"மதினி, நீங்க கோவத்துல..."

"கோவம் இல்லை. எம் மகன் பெரியவனாயிட்டான். அம்மா பாக்குற காலண்டரையே மாத்தி மாட்டுற அளவுக்குப் பெரியவனாயிட்டான். இனி அவனுக்கு நான் எதுக்கு? கல்யாணத்தை நடத்துங்க. நான் வரலை."

"அம்மா!" என்றான் மணிமுத்து.

பஞ்சம்மாள் எழுந்து குழாயடிக்குப் போய் விரலில் இருந்த மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.

வேலுத்தாய் மகளின் தொடையைக் கிள்ளினாள். அவள் மனதில் ஓடுவது சொர்ணத்துக்குத் தெரியும். தேதி கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு எழுந்திரு, அவுக பெறகு சமாதானமாயிருவாக. நியாயமான கணக்குதான். இந்தத் தேதிக்காகத்தான் இரண்டு நாளாகப் பட்டினி கிடந்தார்கள். ஒரு தலையாட்டல் போதும், தை மாதம் கழுத்தில் தாலி ஏறிவிடும். மூன்றாவது தடவை தள்ளிப்போயிற்று என்று ஊர் வாயில் விழ வேண்டியதில்லை.

சொர்ணம் எழுந்து குழாயடிக்குப் போனாள்.

"அத்தை. நீங்க வந்து நிக்காத மணவறையில நான் உக்கார மாட்டேன்."

பஞ்சம்மாள் குழாயை மூடவில்லை.

"கோவத்துல சொல்லலை. உங்க மகன்கிட்டயும் சேத்துத்தான் சொல்றேன். உங்க வாயால அவுககிட்ட 'தாலியைக் கட்டுலே'ன்னு சொல்ற நாள் எதுவோ, அதுதான் எனக்கு முகூர்த்தம். அது வைகாசியா இருந்தாலும் சரி, அடுத்த தையா இருந்தாலும் சரி. இந்த மண்டபத்தை இன்னைக்கே விட்டுருதோம்."

பின்னால் தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. மணிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

"அடிப்பாவி, என்னடி சொல்லிப்புட்ட?" என்றாள் வேலுத்தாய், அழுகையும் ஆத்திரமுமாக. "உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஊருக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

சொர்ணத்துக்கும் அது தெரியவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பஞ்சம்மாள் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள்.